மஞ்சள் ஒயினோடு என்ன சாப்பிடுவது? ஜூரா போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

லியோன்வாசி

வணக்கம். போன மாதம் நானும் மனைவியும் இரண்டு நாள் கிழக்கு பிரான்சில் உள்ள ஜூராவுக்குப் போய் வந்தோம். மேற்கே பர்கண்டி, கிழக்கே சுவிட்சர்லாந்து. நடுவில் மலையடிவாரத்தை ஒட்டி வடக்கு தெற்காக ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு, நாடா விரித்த மாதிரி திராட்சைத் தோட்டங்கள். அர்புவா ஊரில் ஒரு சின்ன உற்பத்தியாளரிடம் வான் ஜோன், அதாவது மஞ்சள் ஒயின், ஒரு பாட்டில் வாங்கினேன். 2016 அறுவடை. 42 யூரோ.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஃபிரிட்ஜில் வைத்து, சில்லென்று ஊற்றிக் குடித்தோம். மூடியைத் திறந்து பத்து நாள் மறந்துபோன ஒயின் மாதிரி இருந்தது. மூக்கில் ஏதோ மசாலா வாசம், வாயில் கடும் புளிப்பு, அப்புறம் வால்நட் பருப்பின் தோலைக் கடித்தது போல ஒரு கசப்பு. மனைவி ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. முக்கால் பாட்டில் அப்படியே இருக்கிறது. கொட்ட மனம் வரவில்லை. பாட்டில் கெட்டுப்போனதா, இல்லை இதன் சுவையே இதுதானா?

பாட்டில்கடை

கொட்டிவிடாதீர்கள்! நான் திழோனில் ஒயின் கடையில் வேலை பார்க்கிறேன். முதல் முறை குடிக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். நீங்கள் சொன்ன வால்நட், மசாலா இரண்டும் அந்த ஒயினின் அடையாளம். பாட்டில் நன்றாகவே இருக்கிறது.

மற்ற ஊர்களில் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். காற்று பட்டால் கெட்டுவிடும் என்ற பயம். ஜூராவில் சவாஞான் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினைப் பீப்பாயில் வைத்து, நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். குறைந்த இடத்தில் ஒயினின் மேல் ஈஸ்ட் ஒரு மெல்லிய படலமாகப் படரும். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படியுமே, பார்வைக்கு அது போலத்தான். பிரெஞ்சிலும் இதற்கு வுவால், அதாவது முக்காட்டுத் துணி என்றுதான் பெயர். இந்த ஆடை ஒயினைக் காற்றிலிருந்து காக்கிறது. அதே நேரத்தில் ஒயினை மெல்ல மாற்றவும் செய்கிறது.

சட்டப்படி அறுவடைக்குப் பிந்தைய ஆறாவது ஆண்டு டிசம்பர் 15 வரை பீப்பாயில் இருக்க வேண்டும். அதில் குறைந்தது 60 மாதம் அந்த ஆடைக்குக் கீழே. உங்கள் 2016 பாட்டில் கடைக்கு வந்ததே 2023இல்தான். இடையில் எத்தனையோ பீப்பாய்கள் வினிகர் பக்கம் சாய்ந்துவிடும். சோதித்துப் பார்த்து அவற்றை ஒதுக்கிவிடுவார்கள். குட்டையாக, தோள் அகன்று இருக்கிறதே அந்த பாட்டில், அதன் பெயர் கிளாவ்லான். 62 சென்டிலிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் ஒயினை ஆறு வருடம் வைத்தால் மிஞ்சுவது அவ்வளவுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் கணக்குச் சொல்வார்கள்.

சரி, இப்போது உங்கள் பாட்டிலுக்கு வருவோம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். 14இலிருந்து 16 டிகிரி. ஒரு துண்டு கொம்தே சீஸ் வாங்குங்கள், 18 மாதமாவது முதிர்ந்ததாக. சீஸையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். முதலில் சீஸை மென்று, அது வாயில் இருக்கும்போதே ஒரு சின்ன மிடறு. அப்புறம் வந்து எழுதுங்கள்.

லியோன்வாசி

ஆனால் பாட்டில் திறந்து ஐந்து நாள் ஆகிறதே?

பாட்டில்கடை

அதனால் ஒன்றும் இல்லை. ஆறு வருடம் காற்றோடு பழகிய ஒயின் இது. கார்க்கைத் திருப்பிச் செருகி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். சிலர் முந்தின நாளே திறந்து வைத்துவிட்டுத்தான் பரிமாறுவார்கள்.

கடற்கரைச்சாலை

நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று இருபது வருடமாக பெசான்சோனில் இருக்கிறேன். ஜூரா எனக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அர்புவா போன தம்பி, விஞ்ஞானி பஸ்தேர் (நம் ஊரில் பாஸ்டர் என்போமே) வீட்டைப் பார்த்தீர்களா? குயிசான்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. லூயி பஸ்தேர் 1822இல் தோல் நகரில் பிறந்தவர், வளர்ந்தது அர்புவாவில். ஒயின் ஏன் கெடுகிறது என்று அவர் ஆராய்ந்ததில் பெரும்பகுதி இந்த ஊர் ஒயினை வைத்துத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கதை 1878இல் நடந்தது. திராட்சைச் சாறு ஒயினாவதற்கு ஈஸ்ட் தேவையில்லை என்று, அப்போதுதான் இறந்துபோயிருந்த குளோத் பெர்னார் என்ற பெரிய விஞ்ஞானியின் குறிப்புகள் வெளிவந்தன. பஸ்தேர் வாதம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அர்புவாவில் தன் தோட்டத்துக் கொடிகள் சிலவற்றின் மேல் கண்ணாடிக் கூடாரம் போட்டார். காய் பிஞ்சாக இருக்கும்போதே, ஈஸ்ட் வந்து ஒட்டுவதற்கு முன்பே மூடிவிட்டார். சில குலைகளைப் பஞ்சு வைத்துச் சுற்றினார். அக்டோபரில் பழுத்ததும் பிழிந்து பார்த்தால், வெளியே வளர்ந்த திராட்சையின் சாறு இரண்டு நாளுக்குள் நுரைத்தது. கூடாரத்துச் சாறு சாறாகவே இருந்தது. ஈஸ்ட் வெளியிலிருந்து வந்து சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? உங்கள் பாட்டிலில் இருப்பதும் அந்த ஈஸ்டின் ஆறு வருட வேலைதான். அதை நினைத்துக்கொண்டு குடித்துப் பாருங்கள் தம்பி.

லியோன்வாசி

கொம்தே வாங்கி வந்து நேற்று இரவு பார்த்தோம். அதே பாட்டில்தானா என்று சந்தேகமே வந்துவிட்டது. அந்தக் கசப்பு போன இடம் தெரியவில்லை. சீஸில் நறநறவென்று சின்னச் சின்னப் படிகங்கள் இருந்தன. அவை பல்லில் படும்போது ஒரு மிடறு குடித்தால் வறுத்த பருப்பும் வெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு ருசி, அது நாலைந்து நிமிடம் நாக்கிலேயே நின்றது. மனைவி இரண்டாவது முறை தானே ஊற்றிக்கொண்டாள்.

ஏன் இப்படி மாறுகிறது? யாராவது விளக்க முடியுமா?

பாட்டில்கடை

உப்பும் கொழுப்பும்தான் காரணம். வான் ஜோனில் சர்க்கரை துளியும் இல்லை, புளிப்போ அதிகம். தனியாகக் குடித்தால் அந்தப் புளிப்பு நேராக நாக்கில் அடிக்கும். சீஸின் கொழுப்பு நாக்கின் மேல் ஒரு பூச்சு மாதிரி படிந்துகொள்கிறது. உப்பு கசப்பை அடக்குகிறது. பெரும்பாலான ஒயின்கள் முதிர்ந்த கொம்தேயின் முன்னால் காணாமல் போய்விடும். இது மட்டும் சரிக்குச் சரி நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. கொம்தே அந்த மலையின் மேல்புறத்துப் பண்டம், ஒயின் அடிவாரத்துப் பண்டம். ஒரு வட்டு சீஸ் ஏறக்குறைய 40 கிலோ, அதற்கு 400 லிட்டர் பால். பால் கொடுப்பவை பெரும்பாலும் மோன்பெலியார் இனத்துச் சிவப்பு வெள்ளை மாடுகள். கோடையில் பச்சைப் புல் தின்ற மாட்டின் பாலில் செய்த வட்டு நல்ல மஞ்சளாக இருக்கும். குளிர்காலத்து உலர்ந்த புல் தீனியில் செய்தது வெளிறிப்போய் இருக்கும். வாங்கும்போது வெட்டிய பக்கத்தின் நிறத்தைப் பாருங்கள். எனக்கு மஞ்சள் ஒயினோடு கோடை வட்டுதான். இதில் மாற்றுக் கருத்துள்ள நண்பர்களும் எனக்கு உண்டு.

வெந்தயம்

நான் மோன்பெலியேயில் உணவு வேதியியல் படிக்கிறேன். நீங்கள் முதல் பதிவில் "மசாலா வாசம்" என்று எழுதியிருந்தீர்கள். அது எந்த மசாலா என்று சொல்லவா? வெந்தயம். என் புனைபெயருக்காகச் சொல்லவில்லை!

சோட்டலோன் என்று ஒரு சேர்மம் இருக்கிறது. வெந்தயத்தின் மணத்துக்கு முக்கிய காரணம் அதுதான். மிக மிகச் சிறு அளவிலேயே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அளவு கூடினால் கறித்தூள் வாசம், குறைந்தால் மேப்பிள் பாகு வாசம். நியூயார்க்கில் சில வருடங்களாக அவ்வப்போது ஊர் முழுக்க மேப்பிள் பாகு மணந்து மக்கள் குழம்பிப்போனார்கள். பக்கத்து மாநிலத்தில் வெந்தயத்தைப் பதப்படுத்தும் ஓர் ஆலையிலிருந்து வந்த வாசம் அது என்று 2009இல் அறிவித்தார்கள்.

வான் ஜோனில் அதே சோட்டலோன்தான் இருக்கிறது. ஈஸ்ட் ஆடை ஆல்கஹாலைத் தின்று அசெட்டால்டிஹைடை உண்டாக்குகிறது. அது ஒயினில் உள்ள இன்னொரு அமிலத்தோடு சேர்ந்து வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சோட்டலோனாக மாறுகிறது. அதனால்தான் ஆறு வருடக் காத்திருப்பு. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஒயினை வர்ணிக்கும்போது கறி, வால்நட் என்று இரண்டு வார்த்தையை விடவே மாட்டார்கள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து முகர்ந்தவர்களுக்கு அது இன்னும் துல்லியமாகத் தெரியும்.

லியோன்வாசி

அப்படியானால் நம் குழம்போடு பிரமாதமாக இருக்க வேண்டுமே!

கடற்கரைச்சாலை

அவசரப்படாதீர்கள் தம்பி. நானும் அப்படி நினைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவன். பதினைந்து வருடத்துக்கு முன்னால், ஷத்தோ ஷலோன் பாட்டில் ஒன்று பரிசாக வந்தது. மஞ்சள் ஒயினுக்கென்றே பெயர்பெற்ற மலையுச்சிக் கிராமம் அது. அங்கே அறுவடைக்கு முன்பு குழு ஒன்று தோட்டங்களைப் பார்வையிட வரும். திராட்சை தரமில்லை என்றால் அந்த வருடம் அந்தப் பெயரில் ஒயினே கிடையாது. 1974, 1980, 1984, 2001 நான்கு வருடமும் அப்படித்தான் விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட பாட்டிலை நான் காரசாரமான கோழிக் குழம்போடு திறந்தேன். மிளகாய் எரிச்சல் இரண்டு மடங்கானது, ஒயினில் ஆல்கஹால் ஒன்றுதான் தெரிந்தது. வந்திருந்த நண்பர்கள் தண்ணீர் கேட்டார்கள். இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வெந்தயம்

ஐயா சொல்வது சரி. மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்புகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது. 14, 15 சதவீத ஒயின் காரத்தின் மேல் எண்ணெய் ஊற்றிய மாதிரிதான். வாசம் பொருந்துகிறது, காரம் பொருந்தவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

குசினி

இவ்வளவு நேரம் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்ப நான் எழுத வேண்டிய இடம் வந்திட்டுது. நான் யாழ்ப்பாணம், பாரிஸில் பிரெஞ்சு உணவகக் குசினிகளில் பதினெட்டு வருடமாகச் சமைக்கிறேன்.

உறைப்பில்லாத, வெந்தயம் போட்ட, தேங்காய்ப்பால் சேர்ந்த கறி எங்களிடம் இருக்கிறதுதானே. சொதி! அதைத்தான் வான் ஜோனோடு வைக்க வேணும். கொழுப்பு தேங்காய்ப்பாலில் இருக்கு, வாசம் வெந்தயத்தில் இருக்கு, மிளகாய்த்தூள் கிடையாது. நான் செய்து பார்த்தது இப்படி: இரண்டாம் பாலில் வெங்காயம், ஒரு தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், கருவேப்பிலை போட்டு வெந்தயம் மெதுவாகும் வரை அவிய விடுங்கோ. பச்சைமிளகாயைக் கீறாமல் முழுசாகப் போடுங்கோ, வாசம் மட்டும் போதும். பிறகு முள்ளில்லாத வெள்ளை மீன் துண்டுகள். மீன் வெந்ததும் முதற்பாலை விட்டு, கொதிக்க விடாமல் இறக்குங்கோ. வழமையாக விடுகிற தேசிக்காய்ப் புளியில் பாதியை மட்டும் விடுங்கோ, ஏனென்றால் வைனே புளிப்பு. இடியப்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கோ.

தம்பி, இது புதினமான கண்டுபிடிப்பு எண்டு நான் சொல்ல மாட்டேன். ஜூரா பக்கத்து உணவகங்களிலேயே கிறீம் விட்ட மெல்லிய கோழிக்கறிக்கு இந்த வைனைத் தருகிறவர்கள். ஆனால் எனக்குச் சொதிதான் அதைவிடப் பொருத்தமாகத் தெரியுது.

லியோன்வாசி

அக்கா, இதைக் கட்டாயம் செய்து பார்க்கிறேன். இன்னொரு கேள்வி. அடுத்த வாரம் மனைவியின் அலுவலக நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள். அந்த ஊரின் பேர்பெற்ற கோழியும் மொரீய் காளானும் செய்யலாம் என்று இருக்கிறேன். அதற்கு ஒரு பாட்டில் வான் ஜோனைச் சட்டியில் ஊற்ற வேண்டுமா? 42 யூரோ ஆயிற்றே.

குசினி

ஊற்றாதேங்கோ! நான் முதலில் வேலை செய்த ஓர் இடத்தில் முழுப் பாட்டிலையும் ஊற்றிக் கொதிக்க வைப்பினம். அரை மணித்தியாலம் கொதித்த பிறகு அதில் வான் ஜோன் எண்டு சொல்ல ஒன்றும் மிஞ்சாது, புளிப்பைத் தவிர. பார்க்கவே மனம் கேக்காது.

கோழியை வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, சாதாரண ஜூரா சவாஞான் விட்டு வேக வையுங்கோ. அதுவும் ஆடைக்குக் கீழ் இருந்ததாகப் பார்த்து வாங்கினால் வாசம் ஓரளவு வரும், விலை பாதிக்கும் குறைவு. கிறீம் விட்டு, சாறு கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டிப் பிடிக்கிற பதத்துக்கு வந்ததும் அடுப்பை நிறுத்திப்போட்டு, இரண்டு மேசைக்கரண்டி வான் ஜோன் விட்டுக் கலக்குங்கோ. அப்பத்தான் மேசையில் வைக்கேக்க மணம் எழும்பும். மிச்ச வைன் கிளாசுக்கு.

மொரீய் காளான் காய்ந்ததாக வாங்குங்கோ. இளஞ்சூட்டு நீரில் ஊற வைத்து, மண் போகக் கழுவி, ஊறின நீரை வடிகட்டிச் சாறுக்குள் விடுங்கோ. ஒரு விஷயம் முக்கியம், அந்தக் காளானை அரைவேக்காட்டில் சாப்பிடக்கூடாது. பச்சையாக அது நஞ்சு. நல்லாக வேக வேணும். கோழி பிரெஸ் கோழி எண்டால் விசேஷம். பிரெஸ் சமவெளி ஜூராவின் மேற்குக் காலடியில்தானே இருக்கு.

லியோன்வாசி

நன்றி அக்கா. அந்த விருந்துக்குச் சிவப்பும் ஒன்று வேண்டும். அர்புவாவில் வாங்கிய புளூசார் ஒரு பாட்டில் இருக்கிறது. நிறம் ரோஸ் ஒயினை விடக் கொஞ்சம்தான் அடர்த்தி. இதைக் கோழிக்குப் பிறகு சீஸோடு ஊற்றலாமா?

பாட்டில்கடை

மாற்றி வையுங்கள். ஜூராவில் சிவப்பு முதலில், வெள்ளை பிறகு. பாதாள அறையில் சுவைக்கப் போனாலும் அந்த வரிசையில்தான் ஊற்றுவார்கள். வான் ஜோனுக்குப் பின்னால் எந்தச் சிவப்பை ஊற்றினாலும் தண்ணீர் போல இருக்கும்.

புளூசாரின் தோல் மிக மெல்லியது, நிறமும் கரகரப்பும் குறைவு. இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து, மொர்த்தோ என்ற புகையூட்டிய பன்றித் தொத்திறைச்சியோடு தொடக்கத்தில் கொடுங்கள். காட்டு ஸ்ட்ராபெரி மாதிரி ஒரு வாசம் வரும். பியூபிலான் கிராமம்தான் இந்தத் திராட்சைக்குத் தலைநகர் என்று சொல்லிக்கொள்வார்கள். கந்தகம் சேர்க்காத ஒயினுக்கு முன்னோடியான பியேர் ஓவர்நுவாவின் ஊரும் அதுவே. துரூசோ என்று இன்னொரு சிவப்பு உண்டு, அதற்குக் கொஞ்சம் உடம்பு அதிகம், வாத்துக்கும் வேட்டை இறைச்சிக்கும் போகும்.

வெள்ளை வாங்கும்போது ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். நிரப்பியதா, நிரப்பாததா? நிரப்பி வளர்த்ததை ஊயே என்பார்கள். அது பளிச்சென்று எலுமிச்சை, பூ வாசத்தோடு இருக்கும், நன்னீர் மீனுக்கு நல்லது. நிரப்பாததில் வால்நட் ருசி. லேபிளில் இரண்டுக்கும் சவாஞான் என்றே போட்டிருக்கலாம், கடையில் வாய்விட்டுக் கேட்பதுதான் வழி. இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

கடற்கரைச்சாலை

குளிர்காலத்தில் போனால் மோன் தோர் சீஸை விட்டுவிடாதீர்கள். செப்டம்பர் 10இலிருந்து மே 10 வரைதான் விற்பனை. ஸ்புரூஸ் மரப்பட்டையை இடுப்பில் சுற்றி, மரப்பெட்டியில் வரும். நடுவில் கரண்டியால் குழி தோண்டி, இரண்டு பல் பூண்டு செருகி, குழி நிறைய வெள்ளை ஒயின் ஊற்றி, பெட்டியோடு ஓவனில் வைத்துவிட வேண்டியது. அரை மணி நேரத்தில் குழைந்துவிடும். அவித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிச் சாப்பிட்டால், வெளியே பனி கொட்டினாலும் தெரியாது. அதற்கு வான் ஜோன் தேவையில்லை, சாதாரண ஜூரா ஷார்தொனே வெள்ளை ஒயின் போதும்.

இனிப்புக்கு வைக்கோல் ஒயின், வான் த பாய். குலைகளை ஆறு வாரமாவது உலர்த்திப் பிழிவது. அரை பாட்டிலாகத்தான் வரும். நீல சீஸோடு அருமை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் இப்போது தொடுவதில்லை.

லியோன்வாசி

விருந்து முடிந்தது. கோழி நன்றாக வந்தது. அடுப்பை நிறுத்திவிட்டு ஊற்றிய அந்த இரண்டு கரண்டி அக்கா சொன்னபடியே வேலை செய்தது, சட்டியை மேசைக்குக் கொண்டுவரும்போதே எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது சொதியைப் பற்றி. நேற்று மனைவி வைத்தாள். கடைசியாக பாட்டிலில் ஒரு கிளாஸ் மிஞ்சியிருந்தது, இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். முதலில் இடியப்பத்தைச் சொதியில் பிசைந்து ஒரு வாய். அதில் ஒரு வெந்தயம் பல்லில் நசுங்கியது. அப்போது ஒயினைக் குடித்தேன். வெந்தயம் எங்கே முடிந்தது, ஒயின் எங்கே தொடங்கியது என்று பிரிக்கவே முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. முதல் நாள் முகம் சுளித்த மனைவி, "எங்க அம்மா வீட்டு அடுக்களை வாசம்" என்றாள்.

குசினி

சந்தோசம் தம்பி. அடுத்த முறை மீனுக்குப் பதிலாக இறால் போட்டுப் பாருங்கோ. இறாலை முதற்பாலோடு கடைசியில் போட வேணும், இல்லையெண்டால் றப்பர் மாதிரிப் போயிடும்.

பாட்டில்கடை

நானும் இந்த வாரம் சொதி வைக்கப் போகிறேன். அக்கா, திழோனில் புதுத் தேங்காய் கிடைப்பது கஷ்டம். டின் பாலில் முதற்பால், இரண்டாம் பால் எப்படிப் பிரிப்பது?

குசினி

டின்னை ஆட்டாமல் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கோ. மேலே கட்டியாக நிற்கிறது முதற்பால். கீழே உள்ளதில் அரைக் கோப்பை தண்ணீர் கலந்தால் இரண்டாம் பால்.